லைனை நிறுத்தியவள்

கோமளா உள்ளே போய் இருபது நிமிடம் ஆகியிருக்கும், அல்லது நாற்பது. கைபேசியை வாசலிலேயே வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டு டோக்கன் கொடுத்துவிட்டார்கள், கடிகாரம் கட்டுகிற பழக்கம் போய்ப் பல வருஷம், சுவர்க் கடிகாரமோ இந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் டியூப் லைட் வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளை வட்டம். எழுந்து போய்ப் பார்க்கலாம். எழுந்தால் மேசைக்குப் பின்னால் இருக்கிற செக்யூரிட்டி என்ன சார் வேணும் என்பார், ஒன்றுமில்லை மணி பார்த்தேன் என்று சொல்ல வேண்டும், அதை அவர் நம்ப வேண்டும். இப்படியே இருந்துவிடலாம். நேரம் தெரியாமல் இருப்பதில் ஒரு வசதி உண்டு, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். முப்பத்தொன்பது வயதுக்காரியை உள்ளே கூப்பிட்டதே பெரிய விஷயம். ஒரகடத்தில் எந்தக் கம்பெனி வாசலில் நின்றாலும் ஆபரேட்டர் வேலைக்கு இருபத்தெட்டுக்கு மேல் எடுக்கறதில்ல என்று கேட்டிலேயே சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். இங்கே நான் மூன்று முறை போன் செய்து, இரண்டு முறை நேரில் வந்து, பதினாலு வருஷ அனுபவம், ஒரே ஒரு தடவை பாருங்கள் போதும் என்று கெஞ்சி வாங்கிய நேரம் இது. கெஞ்சியதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை, பேசியது ஆங்கிலத்தில், அதில் கெஞ்சினால் கெஞ்சுகிற மாதிரி கேட்பதில்லை. எட்டு மாதத்தில் இது ஏழாவது இண்டர்வியூ. இதுவும் இல்லையென்றால் திங்கட்கிழமை திருப்பூருக்கு பஸ் ஏறுகிறாள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஹாஸ்டலில் ஒரு கட்டில், பத்தாவது படிக்கிற பெண்ணை வாலாஜாபாத்தில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், வேறு யாரும் இல்லை. காலையில் ஷேர் ஆட்டோவில் வரும்போது சொன்னாள், அழவில்லை, வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அக்கா நல்லாதான் பாத்துக்கும் சார். ஆனா இவ அங்க வாயே தொறக்க மாட்டா. பசிச்சா கூட கேக்க மாட்டா." நான் என்ன சொன்னேன். கிடைச்சிடும்மா என்றேன். அப்படிச் சொல்லக்கூடாது, வேலை போனவர்களுக்கு உதவுகிற எங்கள் மையத்தில் புதிதாகப் பணிக்குச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், கிடைக்கும் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. ஆட்டோ குலுங்கிக்கொண்டிருந்தது, அவள் முகம் அந்தப் பக்கம் இருந்தது, சொல்லிவிட்டேன்.

எதிர்ச் சுவரில் விபத்தில்லா நாட்கள் என்று ஒரு பலகை, நானூற்றுப் பன்னிரண்டு. நேற்று நானூற்றுப் பதினொன்று. தினமும் காலையில் யாரோ ஒருவர் வந்து எண்ணை மாற்றுகிறார், அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கும். எங்கள் மையத்தில் இப்படி ஒரு பலகை வைத்தால் என்ன எழுதுவது. சுங்குவார்சத்திரத்தில் டூவீலர் மெக்கானிக் கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கீழேயிருந்து எப்போதும் ஆயில் வாசனை. சார்ஜர் செய்கிற கம்பெனி ஒன்று ஒரு வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் அறுநூறு பேரைக் கேன்டீனில் உட்காரவைத்து, காகிதத்தில் கையெழுத்து வாங்கி, அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டு, அதே கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அந்த அறுநூறு பேருக்காக, கோமளாவும் அதில் ஒருத்தி, ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பித்தது இது. பயோடேட்டா எழுதித் தருவேன், இண்டர்வியூவுக்குப் பழக்குவேன், இந்த மாதிரி வரவேற்பறைகளில் வந்து உட்காருவேன். எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் ஷாரன், கனடாவில் வேலை தேடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவள். வின்ட்ஸரில், ஏழாவது மாடியில், ஆற்றுக்கு அந்தப்புறம் டெட்ராய்ட் தெரிகிற அறையில் உட்கார்ந்து, உங்கள் வாழ்க்கையின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு செயல் இருக்க வேண்டும் ரான், நீங்கள் எதைச் செய்தீர்கள், எதை மாற்றினீர்கள், எதைக் காப்பாற்றினீர்கள் என்று பென்சிலால் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்பாள். ரான் என்பது நான்தான். பூவராகன் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை, முதல் வாரமே யாரோ ரான் என்றார்கள், பதினேழு வருஷம் அதற்குத் திரும்பிப் பார்த்தேன். இங்கே வந்த பிறகு ரான் இல்லை. பூவராகன் என்று கூப்பிடவும் ஆளில்லை, அம்மா போய்விட்டாள், அண்ணன் தம்பி என்பான், மற்ற எல்லோருக்கும் சார். பெயரே இல்லாமல் ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது, பல நாள் அப்படித்தான் போகிறது. அங்கே என்னை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை, போகவிட்டார்கள், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், ஏதோ நான் முளைக்குச்சியில் கட்டிக் கிடந்தவன் மாதிரி, அவர்கள் அவிழ்த்துவிட்ட மாதிரி. அதை நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்கு வந்துட்டேன் என்றுதான் சொன்னேன். நம்ம ஜனங்களுக்கு ஏதாவது செய்யணும்னு தோணிச்சு என்று அண்ணனிடம் சொன்னேன், அவன் பெருமையாக நாலு பேரிடம் சொன்னான், அதற்குப் பிறகு அதுதான் உண்மை என்று ஆகிவிட்டது. வேலை போனவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன் தினமும், வேலை போவது அவமானமில்லை, வெளியே சொல்லுங்கள், சொன்னால்தான் அடுத்த கதவு திறக்கும் என்று வாய் கூசாமல் சொல்கிறேன். போன மாதம் கோமளா கேட்டாள், டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது, சும்மா. "நீங்க ஏன் சார் அங்கேர்ந்து வந்துட்டீங்க?" போதும்னு தோணிச்சு என்றேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

செக்யூரிட்டி தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார். நானாகக் கேட்கவில்லை. சட்டையில் தணிகாசலம் என்று பெயர்ப் பட்டை, ஐம்பத்தைந்து இருக்கும், மீசைக்கு மட்டும் மை போட்டிருக்கிறார், தலைக்கு விட்டுவிட்டார். "குடிங்க சார். உள்ள நேரமாவும். கையில ஸ்க்ரூ குடுத்து டெஸ்ட் வெப்பாங்க, கண்ணு டெஸ்ட், அப்பறம் எச்.ஆர். இண்டர்வியூ." உங்க வீட்டம்மாவா என்று கேட்கிறார். இல்லை, மையத்திலிருந்து கூட்டிவந்தேன் என்றேன். "ஓ, ஏஜென்ஸியா?" இல்லை. "அப்ப கமிஷன் இல்லியா?" இல்லை. "பின்ன இன்னாத்துக்கு சார் வெயில்ல வந்து குந்திகினு கீறீங்க?" நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார், பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "ஆனா ஒண்ணு சார், இங்க புடிச்சிட்டா வுடமாட்டாங்க. வாயத் தொறக்காம வேல செஞ்சா போதும். ரெண்டு மாசம் மின்ன ஒரு பொண்ணு, மாம்பாக்கத்துப் பொண்ணு, நல்ல பொண்ணுதான், ஏதோ சர்க்கூட் போர்டு சரியில்லன்னு சொவப்பு பட்டன அமுக்கி லைன நிறுத்திட்ச்சி. ஒம்பது நிமிசம் சார். மறுநா காலைல பஸ்ஸுல வந்து எறங்குது, எங்கிட்ட போன் வருது, கார்ட வாங்கிக்கோ தணிகாசலம்னு. நான்தான் வாங்கனேன். இந்தக் கையால." கையை நீட்டிக் காட்டினார், ஏதோ அதில் ஒட்டியிருக்கிற மாதிரி. போர்டு நிஜமாவே சரியில்லையா என்று கேட்டேன். "அது யாருக்கு சார் தெரியும். லைன நிறுத்தற பொம்பளன்னா நாளைக்கு கேட்டாண்ட கொடியப் புடிச்சிகினு நிப்பான்னு மேல நெனைக்கறாங்க. அவ்ளதான்." வெளியே லாரி ஹாரன் அடித்தது, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் அப்படியே இருக்கிறது.

அந்த வரி. கோமளாவின் பயோடேட்டாவில், இரண்டாம் பக்கத்தில் மேலிருந்து நான்காவது. தரக்குறைபாட்டைத் தானே கண்டறிந்து உற்பத்தி வரிசையை மூன்று முறை நிறுத்தியவர். தடித்த எழுத்தில் போட்டேன். தடித்த எழுத்தில் போட்டேனா, ஆமாம், போட்டேன், அதற்கு மேல் ஒரு வரி இடம்கூட விட்டேன், கண்ணில் படட்டும் என்று. ஷாரன் சொல்லித்தந்தது அது, உங்கள் வைரத்தைச் சாக்குமூட்டைக்குள் வைக்காதீர்கள். இப்போது உள்ளே மேசைமேல் அந்தக் காகிதம் இருக்கிறது, யாரோ விரலை வைத்து வரி வரியாக இறங்கிவருகிறான், முதல் வரி, படிப்பு, இரண்டாம் பக்கம் திருப்புகிறான். எழுந்து உள்ளே போக முடியாது, கதவுக்கு அட்டை வேண்டும். அவளுக்குப் போன் செய்ய முடியாது, அவளுடையதும் என்னுடையதும் வாசலில் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்து அறையில் கிடக்கின்றன. அவள் அதைப் பெருமையாகச் சொல்லவே இல்லை. அதுதான் இப்போது குத்துகிறது. தப்பைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "என் கை சும்மா இருக்காது சார். ஒருக்கா கருகின வாசன வந்துச்சு, அமுக்கிட்டேன். சூப்பர்வைசர் ஓடியாந்தாரு, ஏன்டி ஒங்கப்பன் ஊட்டு லைனான்னாரு. பாத்தா நானூறு சார்ஜர்ல கண்டென்சர் தலகீழா சால்டர் ஆயிருக்கு. எவன் ஊட்லயாவது செவுத்துல சொருவி வெச்சிட்டுப் படுத்துருப்பான், புள்ளைங்க இருக்கும். சரின்னாங்க. ஆனா ஒரு மாசம் என்ன பேக்கிங்ல போட்டுட்டாங்க. அப்பறம் ரெண்டு தடவ. அதுக்கும் பேக்கிங்தான்." நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஞாபகம் இருக்கிறது, கீழே மெக்கானிக் ஒரு வண்டியை ரேஸ் செய்துகொண்டிருந்தான், அந்தச் சத்தத்துக்கு மேலே, இதை முதல்லயே ஏம்மா சொல்லல என்று கத்தினேன். அடித்து முடித்துத் தமிழில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள், "அது எதுக்கு சார், அத எடுத்துருங்க." இல்லம்மா, இதுதான் உங்களோட பெரிய விஷயமே, வெளிநாட்டுல இதுக்கு மேடையில ஏத்திக் கை தட்டுவாங்க என்றேன். சரி சார் என்றாள். அந்தச் சரியை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன். எட்டு மாதமாக இவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன், தெரியாதா எனக்கு, இவர்கள் சாரிடம் ஒரு தடவைதான் மறுப்பார்கள். ஒரே ஒரு தடவை. அதைப் பிடித்துக்கொண்டால் உண்டு, விட்டால் அதற்குப் பிறகு எது சொன்னாலும் சரி சார்தான். பிறந்த தேதியைத் தப்பாக அடித்தாலும் சரி சார். ஊர்ப் பெயரை மாற்றினாலும் சரி சார். அந்த ஒரு தடவை வந்தது, நான் அதன்மேல் ஏறி நின்றுகொண்டு கை தட்டுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

எதற்காகப் போட்டேன் அந்த வரியை. அவளுக்காகத்தான். அவளுக்காகவா. வின்ட்ஸரில் கார் சீட் செய்கிற தொழிற்சாலையில் லைன் நெடுக தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடும், துணி காயப்போடுகிற கொடி மாதிரி. குறை தெரிந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், இழுத்தால் ஒரு சின்ன இசை வரும், லைன் நிற்கும், யாரும் திட்ட மாட்டார்கள், காப்பி குடித்துக்கொண்டே வந்து என்ன ஆச்சு என்று கேட்பார்கள். தயங்காமல் இழு என்று சுவர் முழுக்க ஒட்டியிருந்த வாசகத்தை எழுதியவன் நான். தர எஞ்சினியர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுத்தேன், கயிற்றை இழுத்துக் காட்டுவேன், அது வகுப்புக்காக மாட்டிவைத்த கயிறு, எதையும் நிறுத்தாது. நிஜக் கயிற்றைப் பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இழுத்ததில்லை. அவசியம் வரவில்லை. வந்தது. ஒரு நவம்பர் மாதம், சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டி, பனிமழை, கடைசி டிரக் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறது, ஒரு சீட்டைத் தற்செயலாகத் திருப்பிப் பார்த்தேன், பூட்டுக் கொக்கியில் வெல்டிங் மயிரிழை விலகியிருந்தது. அடுத்ததைப் பார்த்தேன், அதிலும். மூன்றாவதைப் பார்க்கவில்லை. கயிறு இங்கே, தலைக்கு மேலே, கையை உயர்த்தினால் போதும். ஷிஃப்ட் மேனேஜர் தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினான், முடிஞ்சுதா என்று. நானும் கட்டை விரலைக் காட்டினேன். மறுநாள் அறிக்கையில் எழுதினேன், சிறிய விலகல், கண்காணிக்கவும் என்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்குமா. ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு கார், பிரேக் போடுகிறார்கள், பின்சீட்டில் யார், இதையெல்லாம் யார் எனக்குப் போன் செய்து சொல்லப்போகிறார்கள். ஏழெட்டு வருஷம் ஆகிறது. அந்தக் கார் இந்நேரம் நொறுக்கிப் பழைய இரும்புக்குப் போயிருக்கும், போயிருக்கட்டும். ஷாரன் கேட்டாள், எதைக் காப்பாற்றினீர்கள் ரான். நான் ஏதோ சொன்னேன், சதவீதக் கணக்கில் ஏதோ. பேக்கிங்கில் போடுவார்கள் என்று தெரிந்தே இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள் இவள், அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம், நான் இரைந்த சத்தம், மெக்கானிக்கே அண்ணாந்து பார்த்தான். அது அவளுக்காக வந்த சந்தோஷமாக இருக்க முடியாது.

இந்நேரம் கனடாவில் ராத்திரி. மகள் நிலானி தூங்காமல் படித்துக்கொண்டிருப்பாள், தினமும் இந்த வேளைக்குத்தான் ஏதாவது ஒரு படம் அனுப்புவேன், டீக்கடை நாய், சாலையோர நுங்கு, மழை. பதிலுக்கு ஓர் இதயம் வரும். சில நாள் வராது. என் மனைவி வசுமதி அவளுடைய மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்றாள், சரியான வார்த்தைதான், யாராவது ஒருவருக்கு வேலை இருக்க வேண்டும், ஒரு வருஷம் பார்க்கலாம் என்று புறப்பட்டேன், மூன்று வருஷம் ஆகிறது. மகள் அங்கே வாய் திறக்கிறாளா, பசித்தால் கேட்கிறாளா. அவளுக்குப் பதினெட்டு, பசித்தால் ஆர்டர் செய்துகொள்வாள். நான் கோமளாவின் பெண்ணைப் பார்த்ததுகூட இல்லை. ஒரு அறைக்குள் இருந்துகொண்டு இன்னொரு அறையில் பெண் சாப்பிட்டாளா என்று நினைப்பது எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியும், அந்த இரண்டு அறைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பது அப்புறம் முக்கியமில்லை. போய்ச் சொல்லிவிடலாம். கதவு திறக்கிறபோது யாராவது வருவார்கள், ஒரு நிமிஷம் என்று சொல்லி, அந்த இரண்டாம் பக்கத்தை... என்ன சொல்வேன். அதைப் படிக்காதீர்கள் என்றா.

"பூவராகன் சார் யாரு?"

கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு ஓர் இளைஞன் நிற்கிறான், முழுக்கைச் சட்டை, கழுத்தில் நிர்மல் என்று அட்டை. என் பெயரை யாரோ முழுதாகச் சொல்கிறார்கள் என்பதுதான் முதலில் உறைத்தது, அப்புறம்தான் எதற்குக் கூப்பிடுகிறான் என்பது. உள்ளே ஏ.சி. குளிர். கோமளா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள், பை மடியில், நான் நுழைந்ததும் எழப்போய் உட்கார்ந்தாள், என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் காகிதம் இரண்டாம் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. "உக்காருங்க சார். மேடம் டெஸ்ட்ல நல்லா பண்ணியிருக்காங்க, எங்க பசங்களே வாயப் பொளந்துட்டாங்க. வயசு ஒண்ணு இடிக்குது, அத நான் பேசிக்கறேன். இந்த ஒரு பாயிண்ட்தான்." விரலை வைத்தான், நான் நினைத்த அதே இடத்தில். "லைன மூணு வாட்டி நிறுத்தினாங்கன்னு போட்டிருக்கீங்க, அதுவும் போல்டுல. இவங்களக் கேட்டா நான் அப்படி எதுவுமே பண்ணலங்கறாங்க. மேல ப்ரொடக்ஷன்ல இதப் பாத்தாங்கன்னா பேப்பர மூஞ்சிலயே வீசிடுவாங்க சார். எது நெஜம்?" கோமளா மடியில் இருந்த பையைப் பார்த்துச் சொன்னாள், "அது சார் ஏதோ நெனப்புல எழுதிட்டாரு சார். நான் லைன்லாம் தொட்டதே இல்ல. குடுத்த வேலையப் பாப்பேன், அவ்வளவுதான்." எவ்வளவு தெளிவாகச் சொன்னாள். எட்டு மாதம் பழக்கினேன் கண்ணைப் பார்த்துத் தெளிவாகப் பேசு என்று, இதைத்தான் முதல்முதலாகத் தெளிவாகப் பேசுகிறாள். என்னிடம் ஒரு பேச்சு தயாராக இருந்தது, ஆங்கிலத்தில், மஞ்சள் கயிறு, இசை, உலகத்தின் நல்ல தொழிற்சாலைகள் எல்லாம், இவனுக்கு இருபத்தெட்டு இருக்கும், அசந்துபோவான், பத்து நிமிஷம் கொடுத்தால் இவனையே மாற்றிவிடலாம். மாற்றி. மேலே இருக்கிறவனை யார் மாற்றுவது. நான் நிஜம் என்று சொன்னால் அவள் பொய்க்காரி, அதோடு லைனை நிறுத்துகிறவளும். அந்த நானூறு வீட்டுச் சுவர்களும் அந்தக் கருகின வாசனையும் இந்த மேசைமேல் ஒரு வரியாகக் கிடந்தன, அதை எழுதிவைத்த ஒரே காகிதம் அது, அவள் பழைய கம்பெனியில்கூட எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள்.

"என் தப்புதாங்க," என்றேன். "வேற ஒரு பயோடேட்டாவுல இருந்த வரி. ஒட்டும்போது மாறிப்போச்சு."

"அதானே பாத்தேன்." நிர்மல் சிரித்துவிட்டான், அவனுக்கும் நிம்மதி. "யாரோடது சார் அது? அந்த ஆளத் தயவுசெஞ்சு இங்க அனுப்பிடாதீங்க."

"என்னோடது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். வாய்க்கு அதுதான் வந்தது, அவளிடமிருந்து பிடுங்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் பையிலேயே போட்டுக்கொண்ட மாதிரி. "ஓ, நீங்களா சார்?" அவன் நாற்காலியில் சாய்ந்தான், நான் கனடாவில் இருந்ததை நேரம் கேட்டுப் பேசியபோதே சொல்லியிருந்தேன், விளையாட்டுதான், கெட்ட எண்ணம் இல்லை. "அதான் கனடாக்காரன் உங்கள வீட்டுக்கு அனுப்பிட்டானா?"

"ஆமா," என்றேன். "அனுப்பிட்டாங்க. மூணு வருஷம் ஆகுது."

 சொன்ன பிறகு தமிழில் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தோன்றியது, மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததற்கு. நிர்மல் பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். "சாரி சார், நான் சும்மா..." பரவாயில்லை என்றேன். கோமளா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், அந்த அறைக்குள் நான் வந்த பிறகு முதல் தடவை. அவன் ஸ்கேல் ஒன்றை எடுத்து வரியின் மேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டான், அடித்த எழுத்து தடிமனாக இருந்ததால் கோட்டுக்குக் கீழேயும் மேலேயும் தெரிந்தது, இன்னொரு கோடு போட்டான். "அடிச்ச எடத்துல மேடம் ஒரு சைன். நீங்களும் ஒண்ணு போட்டுடுங்க சார், நீங்கதான ரெடி பண்ணீங்க." அவள் கோ போட்டு, ம போட்டு, ளா போட்டு, கடைசியில் காலை நன்றாக இழுத்து முழுப் பெயராக எழுதினாள். அதற்குப் பக்கத்தில் நான் கிறுக்கினேன். இரண்டு கையெழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடம். ஆறு மாசம் டிரெய்னியா இருக்கணும் மேடம், ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்துதான், பரவாயில்லியா, இன்னிக்கே மத்தியானம் வரைக்கும் உள்ள உக்காந்து பாருங்க என்றான். சரி சார் என்றாள்.

நடைபாதையில் ஷூ அளவு பார்க்கிற வரிசையில் நிற்கும்போது ரகசியம் பேசுகிற மாதிரி என்னிடம் சொன்னாள், "போன் வாங்கினதும் அக்காவுக்கு ஒண்ணு போட்டுடறீங்களா சார். திருப்பூருக்குப் போகலன்னு மட்டும் சொன்னா போதும், பாப்பா ஸ்கூல் வுட்டு வந்ததும் சொல்லிடும்." சொல்கிறேன் என்றேன். கோபமா என்று கேட்க நினைத்தேன், யார்மேல் என்று தெரியவில்லை. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டே, "எங்கிட்ட சொல்லவே இல்லியே சார் நீங்க" என்றாள்.

"எத?"

"உங்களயும் அனுப்பிட்டாங்கன்னு."

"நீங்க கேக்கலியே."

"கேட்டேன் சார்," என்றாள். "ஒரு தடவ கேட்டேன்."

நம்பர் ஏழு என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், வெறுங்காலோடு போய்விட்டாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பயிற்சி அறை, ஒரே ஒரு நீள மேசை, புதிதாக எடுத்த ஆறு பேர், எல்லோரும் பள்ளிக்கூடம் முடித்து வந்த பெண்கள், நடுவில் இவள் மட்டும் பெரியவளாக, யாரோ ஒருத்தியின் அம்மா மாதிரி. சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இருபது வயது இருக்கும். மணிக்கட்டில் கட்டுகிற பட்டையைக் கையில் தூக்கிக் காட்டி ஏதோ சொல்கிறாள், இங்கே சத்தம் வரவில்லை, என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், உடம்பில் இருக்கிற மின்சாரம் போர்டில் இறங்கிவிடாமல் அது இழுத்துக்கொள்ளும், தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், தளர்ந்திருந்தால் கட்டியும் கட்டாததுதான். கோமளா அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள், இப்போதுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி. பதினாலு வருஷம் காலையில் கட்டிச் சாயங்காலம் கழற்றியது, மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்துப்போய் ஒரு வளையமாக இருக்கும், மையத்தில் பேனா பிடிக்கும்போது பார்த்திருக்கிறேன். முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் இன்றைக்கு, இந்த வெயிலில். வளையல் கடையில் நீட்டுகிற மாதிரி கையை நீட்டினாள், சின்னப் பெண் பட்டையைச் சுடிதார் கைக்கு மேலேயே, ஒரு கண்ணி தளர்வாக மாட்டிவிட்டு, சரியா அக்கா என்பது போலத் தலையை ஆட்டினாள். கோமளாவும் தலையை ஆட்டினாள். சொல்லிக்கொடுக்கிறவள் அடுத்த பெண்ணிடம் திரும்பும் வரை காத்திருந்தாள். அப்புறம் இடது கை வந்தது, துணியை மேலே ஒதுக்கி, பட்டையைத் தோலோடு சேர்த்து, ஒரு கண்ணி இறுக்கி, துணியை மறுபடி மேலே இழுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மடிக்குப் போய்விட்டது. யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். கண்ணாடிப் பக்கம் அவள் கண் வருவதற்குள் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.